இரண்டு ஊருக்கும் ஒரு மைதானம்

நளீர் பந்தை உயர்த்திக் கொடுத்தால் கிசோக் அடிப்பான். இலங்கையின் கிழக்கே கல்முனைப் பக்கம் கரப்பந்தாட்டம் பார்க்கிறவர்களுக்கு அந்த இரண்டு பெயரும் ஒரே பெயர் மாதிரி. அடுத்தடுத்த ஊர்க்காரர்கள். நளீருடையது முஸ்லிம் ஊர், கிசோக்குடையது மீன்பிடிக்கும் தமிழ் ஊர். நடுவிலிருந்த மணல் மைதானத்தில் விளையாடித்தான் இருவரும் தேசிய அணிக்குப் போனார்கள்.

ஓர் இறுதிப் போட்டியில் நளீரின் முழங்கால் பிசகியது. கிசோக்தான் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அத்தோடு நளீரின் ஆட்டம் முடிந்தது. கல்முனையில் விளையாட்டுச் சாமான் கடை போட்டு உட்கார்ந்தான்.

பிரதேச சபைத் தேர்தல் வந்தபோது கட்சி அமைப்பாளர் ஷரிபுதீன் கடைக்கே வந்தார். "ஒங்கட மொகம் போதும் தம்பி. மத்ததெல்லாம் நாங்க பாக்கிற." நளீர் சம்மதித்தான். கிசோக்கும் தன் ஊரில் வேறு கட்சியில் நின்றான். "சபையிலயும் ஒண்டா விளையாடுவம்" என்று இருவரும் போனில் சிரித்துக்கொண்டார்கள்.

கடைசிக் கூட்டத்தில் ஷரிபுதீன் நளீரின் காதருகே குனிந்தார்.

"மைதானத்த கிசோக்கிட ஊராக்கள் மதில் கட்டி எடுக்கப் போறாங்க எண்டு சொல்லுங்க. வோட்டு கொட்டும்."

"அது பொய்தானே?"

"எலக்சன் முடிஞ்சா ஆரு கேக்கப் போறான்?"

நளீர் மைக்கின் முன்னால் போனான். "மைதானத்த ஆரும் எடுக்கல்ல. எடுக்கவும் மாட்டாங்க. அது ரெண்டு ஊருக்கும் உரியது" என்றான். ஆனால் அவன் வாயைத் திறந்ததுமே மைக்கை நிறுத்திவிட்டார்கள்; கூட்டத்துக்கு எதுவும் கேட்கவில்லை, அவன் கத்திக்கொண்டே நின்றான். அவனுக்குப் பிறகு வந்த பேச்சாளர் அதே பொய்யை வாய் நிறையச் சொன்னார்.

அடுத்த நாள் கிசோக்கின் ஊரில் பரவிய செய்தி வேறு: 'நளீரின் மேடையில் இப்படிப் பேசினார்கள்.' கிசோக் போனை எடுப்பதை நிறுத்தினான். நளீர் வீடு தேடிப் போனபோது கதவு திறக்கவில்லை. இருவரும் தேர்தலில் வென்றார்கள். நளீருக்குச் சோறு இறங்கவில்லை.

"மைதானத்துக்கு ஒரு பிரேரணை கொண்டு வாங்களன்" என்றாள் மனைவி முஸ்பிறா. "நீங்க ஆரெண்டு அவருக்கு வெளங்கும்."

சபை கூடிய நாள் நளீர் எழுந்தான். மைதானம் இரண்டு ஊருக்கும் பொதுவானது, மதில் எழுப்பக்கூடாது என்று பிரேரித்தான். தவிசாளர், "வழிமொழிய யாராவது?" என்று கேட்டார். நளீரின் கட்சிக்காரர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிட்டது.

எதிர் வரிசையில் ஒரு கதிரை நகர்ந்தது.

"நான் வழிமொழிகிறேன்" என்றான் கிசோக்.

பிரேரணை நிறைவேறியது. வெளி விறாந்தையில் நளீர் அவன் கையைப் பிடித்தான்.

"போன எடுக்கல்லையேடா நீ."

"கோவம்தான் மச்சான். நேத்து ஆரோ வீடியோ அனுப்பினான். மைக்க நிப்பாட்டினாப் பிறகும் நீ கத்திக்கொண்டு நிக்கிறாய். ஒரு சொல்லும் கேக்கல்ல, ஆனா வாயப் பாத்தே விளங்கிட்டு."

நளீர் அங்கிருந்த நீண்ட மர வாங்கில் பொத்தென்று உட்கார்ந்தான். வாரக்கணக்கில் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதில் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. அப்போது முஸ்பிறாவின் அழைப்பு வந்தது.

"என்ன நடந்த?"

"பாஸ் ஆகிட்டு. கிசோக்கும் பகல் சாப்பாட்டுக்கு வாறான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள். "அப்ப இன்னொரு சுண்டு அரிசி போடுறன். கெதியா வாங்க."