மூடிக்கு வைத்த அரக்கு

யுத்த காலம். மைசூரில் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. மர வியாபாரி மல்லப்பனிடம் காரும் இருந்தது, கூப்பனும் இருந்தது. டிரைவர்மேல்தான் நம்பிக்கை இல்லை. டிரைவர் எலியேசர் முந்தைய யுத்தத்தில் பஸ்ராவில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். அவர் பெட்ரோலைத் திருடி விற்கிறார் என்று யாரோ சொன்னதை மல்லப்பன் நம்பிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரின் பெட்ரோல் டாங்கி மூடியைச் சுற்றி அரக்கை உருக்கி ஊற்றி, தன் மோதிரத்தால் முத்திரை குத்தினார். மூடியின் நடுவே காற்றுப் போக ஒரு துளை உண்டு. அதன்மேலும் அரக்கு. அதை மட்டும் அடைக்க வேண்டாம் என்று எலியேசர் சொன்னார். அது வழியாக உறிஞ்சி எடுக்கவா என்று மல்லப்பன் கேட்டார். ஊசிகூடச் சிரமப்பட்டு நுழையும் துளை அது. பட்டாளத்தில் எத்தனையோ மடையர்களுக்கு சல்யூட் அடித்த எலியேசர், இவரிடம் பேசுவது வீண் என்று வாயை மூடிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை மல்லப்பனின் மகள் மாதேவிக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். ஆஸ்பத்திரிக்குப் போகப் பின்சீட்டில் மாதேவியும் அவள் தாய் கௌரம்மாவும் ஏறினார்கள், முன்னால் மல்லப்பன். நஞ்சன்கூடு ரோட்டிலிருந்து ஊருக்குள் வந்து தேவராஜா மார்க்கெட்டை நெருங்கும்போது கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

எலியேசர் இறங்கி, எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினார். பலனில்லை. மல்லப்பன் பிளக்கைத் துடைக்கச் சொன்னார். துடைத்தது போதாதென்று இன்னொரு தடவை துடைக்கச் சொன்னார். பிறகு பேட்டரியைக் குறை சொன்னார். பிளக்கைக் கையில் பிடித்தாவது பார்த்திருக்கிறாரா என்பது எலியேசருக்குச் சந்தேகம். மார்க்கெட் கூலியாட்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

எலியேசர் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றினார். இரண்டு சொட்டு விழுந்து நின்றது. குழாயை ஊதிப் பார்த்தார், அடைப்பில்லை.

"டாங்கிக்குள்ள காத்துப் போகல்லே, அதான் பெட்ரோல் இறங்கல்லே. மூடியைத் திறக்கணும் எஜமான்."

"இதுக்குத்தானே காத்திருந்தே?" என்றார் மல்லப்பன். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் போலக் கூலியாட்களைப் பார்த்துச் சிரித்தார். குழாயை மாட்டச் சொல்லி, காரைத் தள்ளச் சொன்னார். தெருமுனைவரை தள்ளினார்கள். இருமல்கூட வரவில்லை.

மாதேவி பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வலி போகும்வரை இருந்தாள். பிறகு கேட்டாள்: "மூடியைத் தொறந்தா ஓடுமுங்களாண்ணா?"

"ஓடும்மா."

அவள் இறங்கினாள். மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, முன்கண்ணாடிக்கு முன்னால் இருந்த மூடிவரை வந்து, கொண்டையூசியை உருவி அரக்கைக் கிளறினாள். முத்திரையைத் தான் மட்டுமே உடைக்கலாம் என்றார் மல்லப்பன். மாதேவி ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. எலியேசர் துளையைச் சுத்தம் செய்து, பெட்ரோல் இறங்கட்டும் என்று சற்றுப் பொறுத்தார். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது.

மல்லப்பன் கதவில் கை வைத்தார்.

"நீங்க ஜட்கா வண்டியில வாங்கப்பா," என்றாள் மாதேவி. முன்சீட்டில் அவளே உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் காலியான இடத்தில் கௌரம்மா துணி மூட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள். புருஷன் பக்கம் திரும்பவில்லை. கார் கிளம்பிவிட்டது.

உச்சிவேளைக்குள் பெண் குழந்தை பிறந்தது. மல்லப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் டிரைவருக்குத் தெரியாத கோளாறைத் தானே கண்டுபிடித்த கதையைச் சொன்னார். கௌரம்மா உள்ளே போய் மகளிடம் இதைச் சொன்னாள்.

"சொல்லட்டும்," என்றாள் மாதேவி. "அதை நம்பறதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல?"

எலியேசரும் வராந்தாவில்தான் இருந்தார். கதை மூன்றாம் முறை தொடங்கியபோது எழுந்தார். கார் சாவியைக் கௌரம்மாவிடம் கொடுத்து, குழந்தையை ஒரு தரம் பார்த்துவிட்டு, பஸ் கம்பெனியில் டிரைவர் வேலைக்கு ஆள் கேட்டிருப்பதாகச் சொன்னார். மல்லப்பனைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே போனார்.