நாய் இல்லாத வாக்குமூலம்

எங்கள் வக்கீலின் மூக்கு நீதிமன்றத்துக்குள் முதலில் போய் நீதிபதிக்கு வணக்கம் வைக்கும். வக்கீல் பின்னால்தான் போவார். முப்பத்தொரு வருஷம் அவரிடம் டைப்பிஸ்டாக இருந்தவள் சொல்கிறேன், நம்புங்கள். என் விரல் வேகம் தாங்காமல் மூன்று மெஷின்கள் புகைந்து செத்தன. நான்காவதாக வந்த கம்ப்யூட்டர் என்னைப் பார்த்தாலே அணைந்து அணைந்து எரியும்.

ஆபீஸ் மாடியில். கீழே பல் டாக்டர், பக்கத்தில் சலவைக் கடை. ஒரு பக்கம் அலறல், ஒரு பக்கம் ஆவி. உள்ளே மூன்று இரும்பு அலமாரிகள். பச்சையில் குடும்ப வழக்கு, சிவப்பில் குற்ற வழக்கு, மஞ்சளில் விபத்து வழக்கு. கட்டிக்கொண்டவர்கள், மாட்டிக்கொண்டவர்கள், முட்டிக்கொண்டவர்கள் என்று நான் வைத்த பெயரைக் கோர்ட் வாசலில் கடலை விற்பவர் வரைக்கும் சொல்லிச் சிரித்தார்கள்.

வாக்குமூலம் எழுதுவது என் பொறுப்பு. கட்சிக்காரர் வாய்க்கு வந்தபடி சொல்வார். நான் அதைக் கோர்ட் பாஷைக்கு மாற்றுவேன். மாற்றும்போது கை சும்மா இருக்காது. "அடிச்சான்" என்றால் "ஈவிரக்கமின்றித் தாக்கினான்" என்று விழும். "பயமா இருந்துச்சு" என்றால் உயிர் ஊசலாடும். வக்கீல் படித்துவிட்டு, "அக்கா, நீங்க எழுதினா நாற்காலிகூட எந்திரிச்சு நின்னு அழும்" என்பார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

ஒருநாள் மஞ்சள் அலமாரிக்கு ஹாரன் வந்தார். பேக்கரி வேன் டிரைவர். எந்தக் கதவுக்கு முன்னால் நின்றாலும் வாயால் "பாம்" என்று ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் நுழைவார். அதனால் அந்தப் பெயர். கூடவே அவர் மகள், ஏழு வயசு. அப்பா "பாம்" என்றால் அவள் "பாம் பாம்" என்று பதில் ஹாரன் அடிக்க வேண்டும். அதுதான் அவர்களுக்குள் சட்டம். அன்றைக்கு அவர் வலது கை முழுக்கக் கட்டு. மகளின் காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. இருந்தும் இரண்டு பேரும் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தார்கள்.

"என்ன ஆச்சு, முழுசாச் சொல்லுங்க" என்றேன்.

"லீவே இல்லக்கா, மூணு நாளா ஓட்டம். அசதிதான். ஸ்கூல்ல விடலாம்னு பாப்பாவை முன்னாடி உக்கார வச்சிருந்தேன். ஒரு நாய் குறுக்க வந்துச்சு. ஒடிச்சேன். தூண்ல போய் முட்டிட்டேன்."

"நாயி?"

"அது வாலை ஆட்டிக்கிட்டே போயிருச்சுக்கா."

டைப் அடித்தேன். மூன்று நாள் வேலை, 'எழுபத்திரண்டு மணி நேரம் கண்ணிமைக்காத உழைப்பு' ஆனது. அசதி, 'என்னையறியாமல் நித்திரையில் ஆழ்ந்தேன்' ஆனது. நாயை விட்டுவிட்டேன்.

வக்கீல் படித்தார். மூக்கு ஒருமுறை விடைத்தது. "நாய் எங்கக்கா?"

"நாய் நஷ்டஈடு குடுக்குமா சார்? பேக்கரிதானே குடுக்கணும்."

அவர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஹாரன் படிக்கவில்லை. "நீங்க எழுதினா சரியாத்தான்க்கா இருக்கும்" என்று இடது கட்டைவிரலை மையில் ஒற்றிப் பதித்தார்.

ஜெயித்தோம். ஓய்வே தராமல் ஓட்டிய பேக்கரிதான் பொறுப்பு என்று தீர்ப்பு. மகளின் கால் சிகிச்சை முடியும்வரை, எத்தனை ஆபரேஷன் ஆனாலும், செலவு அவர்களுடையது. நான் ஆபீஸ் முழுக்க நடனமாடினேன். பல் டாக்டர் மேலே வந்து, நோயாளி வாயை மூடிக்கொண்டார் என்று புகார் செய்தார்.

தீர்ப்பின் நகல் ஹாரன் வீட்டுக்குத் தபாலில் போனது. பிரித்தது அவர் மனைவி.

மறுநாள் ஹாரன் "பாம்" சொல்லாமல் வந்தார்.

"நாய் வந்துச்சுன்னுதான் அவகிட்டச் சொல்லியிருந்தேன். இதுல தூங்கினேன்னு இருக்கு. 'புள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தூங்குனியாடா'ன்னு கேக்குறாக்கா. அது டைப் பண்ற அக்கா எழுதினதுன்னு சொன்னேன். 'அப்போ கோர்ட்ல பொய்யா, என்கிட்டப் பொய்யா, ஒண்ணைச் சொல்லு'ங்கிறா."

ஒரே வாரத்தில் பச்சை அலமாரியில் அவருக்கு ஒரு ஃபைல். மனைவி விவாகரத்து கேட்டாள். மகளை அப்பாவிடம் தனியாக விடக்கூடாது என்றும் கேட்டாள். ஆதாரம் என் வாக்குமூலம்.

"சார், நான் சாட்சி சொல்றேன். வாக்குமூலத்துல இருந்து நாயை நான்தான் எடுத்தேன். என்னை உள்ளே போடட்டும்" என்றேன்.

"போடுவாங்கக்கா. உங்களை, என்னை, அவரை, மூணு பேரையும் சிவப்பு அலமாரியில போடுவாங்க" என்றார் வக்கீல். "நான் வந்து நிக்கத் தயார். ஆனா பொய் வாக்குமூலம்னு ஆனா அந்தத் தீர்ப்பு நிக்காது. முடிவு இவருதுதான்."

ஹாரன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "தீர்ப்பு போனா ஆபரேஷன்?"

"நின்னுரும்."

"இன்னும் எத்தனை பாக்கி?"

"டாக்டர் ரெண்டுன்னு எழுதியிருக்கார்."

ஹாரன் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மை எப்போதோ போய்விட்டது. இருந்தாலும் சட்டையில் தேய்த்தார். "அப்போ நான் தூங்குனேன் சார். அப்படியே இருக்கட்டும்."

"என்னைத் திட்டுங்க தம்பி, நாலு வார்த்தை" என்றேன்.

"உங்களைத் திட்டி என்னக்கா பண்றது? புள்ள நடக்கணும்."

மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், கோர்ட் அறையில், அதிகாரி முன்னிலையில் மகளைப் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது. என் வேலையின் கடைசி வாரம் அது. விரல் வலி என்று காரணம் சொல்லி ராஜினாமா கொடுத்திருந்தேன். விரலுக்கு ஒரு குறையும் இல்லை. உத்தரவு நகலை அதிகாரியிடம் கொடுக்க நானே போனேன். "இருங்கக்கா, தனியா ஒரு மாதிரி இருக்கு" என்றார் ஹாரன். கதவோரம் உட்கார்ந்தேன்.

பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒற்றைக் கண் கரடி பொம்மை. அதிகாரி அம்மா நோட்டில் தேதி எழுதிக்கொண்டார். இங்கே பேசுவதெல்லாம் கோர்ட்டுக்குப் போகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இந்த அறையை எப்படிப் பெரிதாக்கிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பத்துக்குப் பத்து இருக்கும். அவ்வளவுதான்.

மகள் ஊன்றுகோலோடு வந்தாள். உட்கார்ந்ததும் கேட்டாள்.

"நீ வேன்ல தூங்கிட்டேன்னு அம்மா சொல்றாங்க. நீ தூங்கலியேப்பா. நாய்தானே வந்துச்சு? நான் பாத்தேனே."

அதிகாரியின் பேனா நின்றது. ஹாரன் பேனாவைப் பார்த்தார். மகளின் காலைப் பார்த்தார்.

"தூங்கிட்டேன்டா பாப்பா. உனக்குச் சரியா ஞாபகம் இல்ல."

"இருக்கு! நாயைப் பாத்து நீ வாயாலயே ஹாரன் அடிச்ச. தூங்கினவங்க எப்படி ஹாரன் அடிப்பாங்க?"

"கனவுல அடிச்சிருப்பேன்."

பேனா ஓடியது. மகள் அப்பாவின் முகத்துக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். பொய் சொல்பவரை எழுப்புகிற மாதிரி, மெதுவாக, "பாம்" என்றாள்.

பதில் ஹாரனுக்குக் காத்திருந்தாள்.

அவர் கரடியின் ஒற்றைக் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாம்" என்றாள் இன்னொரு தடவை.