ஒரே ஒரு கொதி

காசிமேட்டில் திருமலை மாதிரி சுக்கான் பிடிக்க ஆள் கிடையாது. இது அவனே சொல்லிக்கொள்வதுதான், ஆனாலும் பொய்யில்லை. அவன் ஓட்டும் மீன்பிடி லாஞ்சு மட்டும் அவனுடையதல்ல, பெண்டாட்டி முத்தம்மாவுடையது. அவள் அப்பன் எழுதி வைத்தது. ரெண்டாயிரமாவது வருஷம் டீசல் விலை ஏறியதும் முத்தம்மா ஒரு மூங்கில் குச்சியில் கோடு போட்டு வைத்துக்கொண்டாள். லாஞ்சு கரைக்கு வந்தால் முதல் வேலை, டேங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பது. ஒரு நாள் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டாள்.

"அடுத்த தபா இந்தக் கோட்டுக்குக் கீழ போச்சுன்னா பிரகாசுதான் டிரைவரு. நீ எறங்கிக்க."

பிரகாசு அவள் தம்பி. லாஞ்சில் சமையல். அவன் சுக்கான் பிடிப்பானாம், இவன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பானாம். திருமலைக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

சோறு இறங்காதபோதுதான் அந்த யோசனை வந்தது. கடலில் சமையலே டீசலில்தான். தகர டின்னில் மணலைக் கொட்டி, டீசலை ஊற்றிக் கொளுத்த வேண்டியது. அஞ்சு பேருக்கு நாலு நாள் சோறு, குழம்பு, டீ. அந்தப் பக்கம் பார்த்தால் இன்ஜின் புகைக்குழாய் பழுக்கக் காய்ந்து, அத்தனை சூடும் கடல்காக்கா குளிர்காயத்தான் போகிறது. அந்தச் சூட்டிலேயே சமைத்தால் என்ன?

டோல்கேட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த அசோகன், குழாயைச் சுற்றி ரெண்டு சட்டி உட்காரும்படி ஓர் இரும்புப் பெட்டி அடித்துக் கொடுத்தான். "ஒண்ணு கேட்டுக்க நைனா. வலை இழுக்கச் சொல்லோதான் இன்ஜினுக்கு மூச்சு முட்டும், குழாய் நல்லா காயும். சும்மா நிக்கச் சொல்லோ சூடு பத்தாது." திருமலை பெட்டியைத் தட்டித் தட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்திருக்கும். உள்ளே போகவில்லை.

வலை ஏறாமல் உலை ஏறாது என்பது அந்த லாஞ்சின் சட்டம். வலையைத் தூக்கி, மீனைப் பிரித்து, நங்கூரம் போட்ட பிறகுதான் சமையல். முதல் நாள் மதியமும் அப்படித்தான். பிரகாசு சட்டியை ஏற்றிவிட்டு இன்ஜினை நிறுத்தப் போனான்.

"நிறுத்தாத மச்சான். ஒரே ஒரு கொதி வரட்டும்" என்றான் திருமலை.

அந்த ஒரு கொதி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆனால் குழம்பு இருக்கிறதே, மெல்ல மெல்ல வெந்து, புளியும் காரமும் மீனுக்குள் இறங்கி, அடாடா. விட்ட பசியெல்லாம் சேர்த்து நாலு தடவை வாங்கித் தின்றான் திருமலை. அப்புறம் டீக்கு ஒரு கொதி, ராத்திரி சோற்றுக்கு ஒரு கொதி. நாலு நாளும் நின்ற இடத்தில் நின்றபடி லாஞ்சு டபடபவென்று குழம்பு காய்ச்சியது. ஒவ்வொரு தடவையும் "நிறுத்தாத" என்று சொன்னது வேறு யாருமில்லை, ஐயாவேதான்.

கரையில் குச்சியை விட்டு எடுத்தாள் முத்தம்மா. கோடு எங்கேயோ, ஈரம் எங்கேயோ.

"நீரோட்டம் ஜாஸ்தி" என்றான் திருமலை, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் பெட்டிமேல் இருந்த மீதிக் குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "நீரோட்டம் நல்லா ருசியாத்தான் கீது. நாளைலேர்ந்து பிரகாசு சுக்கான் புடிப்பான். நீ அடுப்பாண்ட குந்து."

அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. அடுத்த நாள் கடலில் அவன் சட்டியை ஏற்றிய கையோடு பிரகாசு இன்ஜினை நிறுத்தினான். "டீசல் போவுது மாமா." அரைவேக்காட்டுச் சோற்றை மென்றபடி அஞ்சு பேரும் திருமலையை ஏசினார்கள், திருமலையும் சேர்ந்து.

மறுநாள் வலை கடலில் கிடக்க, இன்ஜின் முக்கி முனகி அதை இழுத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அசோகன் சொன்னது அவன் மண்டைக்குள் போய்ச் சேர்ந்தது. சட்டமாவது ஒன்றாவது. நேற்றைய மீனைப் போட்டு, வலை ஏறும் முன்பே உலையை ஏற்றினான். அரை மணியில் சோறு தளதளவென்று பொங்கியது. அதற்கப்புறம் தகர டின் பக்கம் யாரும் போகவேயில்லை.

இந்த முறை ஈரம் கோட்டுக்கு ரெண்டு விரற்கடை மேலே நின்றது. முத்தம்மா நம்பாமல் குச்சியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தாள்.

"நான் சொல்லல?" என்றான் திருமலை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"சூப்பரா வேல செய்துயா உன் பொட்டி" என்று அவளும் மனசாரச் சொன்னாள்.

அவன் மெதுவாகச் சுக்கான் பக்கம் நகர்ந்தான்.

"அங்க எங்க போற? இம்மாம் டீசல் மிச்சம் பண்ற ஆள அடுப்பாண்டேர்ந்து எவளாவது எழுப்புவாளா?"