பிடித்தம்

...பன்னிரண்டு நாள், முப்பது இல்லை, பன்னிரண்டு, இதை மட்டும் விடக் கூடாது, கவுண்டரில் இருக்கிற பெண் எதை எதையோ பேசி இழுப்பாள், எங்கே இழுத்தாலும் திரும்பி இந்தப் பன்னிரண்டில் வந்து நிற்க வேண்டும் என்று சேதுன்யா தனக்குள் சொல்லிக்கொண்டாள். கையில் டோக்கன் முப்பத்தெட்டு, சுவரில் ஓடுவது முப்பத்தைந்து, பிரான்சிஸ்டவுனில் இருக்கிற அத்தனை பேருக்கும் இன்றைக்குத்தான் தங்கள் சாவைப் பற்றி விசாரிக்க வேளை வந்ததா... பள்ளிக்கூடத்துச் சமையலறையைப் பொனோலோவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், நானூறு பிள்ளைகளுக்குச் சோளக்கூழ், பொனோலோ கிண்டுகிற லட்சணத்துக்கு நிச்சயம் அடிப்பிடிக்கும், பிடிக்கட்டும், ஒருநாள் தீய்ந்த கூழ் குடித்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள், செத்தாலும் அதற்குத்தானே இந்த ஈமச்செலவுக் காப்பீட்டு ஆபீஸ். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்த முகத்தோடு போய் நின்றால் இவர்கள் கேட்க மாட்டார்கள்.

மூன்றாம் தேதி போனில் வந்த எஸ்.எம்.எஸ்., அன்பான வாடிக்கையாளரே, தங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்யும் பொருட்டுச் சந்தா மாற்றியமைக்கப்படுகிறது... செத்த பிறகு இன்னும் என்ன சிறப்பு வேண்டிக் கிடக்கிறது? பதினைந்தாம் தேதி சம்பளச் சீட்டில் பிடித்தம் நூற்றுப் பத்து பூலாவிலிருந்து நூற்று முப்பத்தெட்டாக ஏறியிருந்தது, கீழே புதிதாக நிர்வாகக் கட்டணம் என்று ஒரு வரி. யாரை நிர்வகிக்கிறார்கள், நான்தான் இன்னும் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கிறேனே. ஐந்து வருஷத்தில் நான்கு முறை ஏற்றிவிட்டார்கள், நான்கு முறையும் அவள் வாய் திறக்கவில்லை, மழை பெய்யாத வருஷம் மாதிரி இதுவும் மேலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தாள். ஏன் கேட்கவில்லை? பயம். வேறென்ன. அப்பா செத்த வாரம், தினமும் மாலை ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்த ஊர் நடுவே, சித்தப்பா எனாமல் தட்டை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் நின்றாரே, சவப்பெட்டிக்கு இன்னும் இவ்வளவு குறைகிறது, இவ்வளவு குறைகிறது என்று உரக்கச் சொல்லிச் சொல்லி... ஒரு கிழவி தன் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து இரண்டு பூலா போட்டாள், அவளே சோற்றுக்கு இல்லாதவள். அடுத்த வாரமே சூப்பர் மார்க்கெட் வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருந்த காப்பீட்டு ஏஜென்ட்டிடம் சேதுன்யா கையெழுத்துப் போட்டாள், ஒரு எழுத்தும் படிக்கவில்லை, அவன் தொப்பி ஒன்று கொடுத்தான், அதையும் வாங்கிக்கொண்டாள்.

இந்த முறை ஒப்பந்தத்தைப் படித்தாள். பதினோரு பக்கம், தினை இறைத்த மாதிரி எழுத்து, ஐந்தாம் வகுப்பு டீச்சரிடம் அகராதி வாங்கி, பாத்திரம் கழுவி முடித்த நான்கு மதியங்கள், பொனோலோ சிரித்தாள், "என்னக்கா, வக்கீலுக்குப் படிக்கிறியா?" என்றாள், சிரிக்கட்டும். பதினான்காவது ஷரத்தில் இருந்தது. கட்டணம் மாறினால் முப்பது நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், அந்த முப்பது நாளில் உறுப்பினர் மறுக்கலாம், பெயர்களைக் குறைக்கலாம், அபராதம் இல்லாமல் விலகலாம். மறுக்கலாம்! இந்த ஒரு சொல்லைத்தான் பதினோரு பக்கத்துக்கு நடுவே இவ்வளவு சின்ன எழுத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள்.

முப்பத்தெட்டு. கவுண்டர்க்காரப் பெண்ணுக்குச் சின்ன வயது, சட்டையில் ஒனலென்னா என்று பெயர் குத்தியிருந்தது, நிமிர்ந்து பார்க்காமலே, "எல்லாருக்கும்தான் ஏறியிருக்கும்மா. சிஸ்டம் அதுவா பிடிச்சுக்குது, நாங்க ஒண்ணும் செய்யறதில்ல" என்றாள். எல்லாருக்கும் ஏறியது சேதுன்யாவுக்குத் தெரியும். "ஏத்துனீங்களான்னு நான் கேக்கல. எனக்கு எப்போ சொன்னீங்கன்னு கேக்கறேன். மூணாந்தேதி சொல்லிட்டுப் பதினஞ்சாந்தேதி பிடிச்சிருக்கீங்க. பன்னெண்டு நாள். உங்க பேப்பர்ல முப்பதுன்னு போட்டிருக்கு, பதினாலாவதுல பாரு." பின்னால் நின்ற தடித்த பெண்மணி, "சீக்கிரம் முடிங்கம்மா, இந்த வரிசையிலயே நாங்க செத்துட்டா இவங்களுக்குத்தான் வேலை மிச்சம்" என்றாள், நாற்காலிகளில் சிரிப்பு ஓடியது. ஆனால் அவளே அடுத்த மூச்சில் எட்டிப் பார்த்தாள், "என்னது, முப்பது நாளா? எனக்கும் அப்படித்தானே வந்துச்சு?" ஒனலென்னாவின் முகம் மாறியது, உள்ளே போனாள், மெல்லிய டை கட்டிய மேலாளரோடு திரும்பினாள். அவர் குரல் வெண்ணெய். "ஒப்பந்தத்துல எழுத்துலன்னுதானேம்மா இருக்கு? எஸ்.எம்.எஸ்.ஸும் எழுத்துதானே?" சரி, எழுத்தாகவே இருக்கட்டும், எங்கே இழுத்தாலும்... "எழுத்துன்னே வெச்சுக்கங்க ஐயா. எழுத்துல சொல்லி எத்தனை நாள் ஆச்சு?" ஒப்பந்தத் தாளைக் கவுண்டர் மேல் விரித்துப் பதினான்காவது ஷரத்தில் விரலை வைத்தாள். அவர் தாளைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், அங்கே நான்கைந்து பேர் தங்கள் போனை எடுத்துத் தேதி தேடிக்கொண்டிருந்தார்கள். "இந்த மாசம் கூடுதலாப் பிடிச்சதைத் திருப்பிக் குடுத்துடு" என்று ஒனலென்னாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அவ்வளவுதானா? ஐந்து வருஷம் வாயை மூடி இருந்தது இவ்வளவுக்குத்தானா? வெற்றி என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். ஒனலென்னா இப்போது நிமிர்ந்து பார்த்தே பேசினாள், "அடுத்த மாசத்துலருந்து தலைக்கு இவ்வளவுன்னு கணக்கும்மா. உங்களுக்கு இஷ்டம்னா பேர குறைச்சுக்கலாம், சந்தாவும் குறையும்" என்று ஒரு தாளை நகர்த்தினாள். ஆறு பெயர்கள். அவள், அம்மா, மூன்று பிள்ளைகள். இரண்டாவது வரியில் மொதுசி, உறவு கணவர், மாதம் இருபத்து நான்கு பூலா. "இவர் இருக்காராம்மா?" "இருக்கார், ஒராபாவுல, வேறொருத்தி வீட்டுல" என்றாள், சுரங்கத்துக்குப் பக்கத்தில், எட்டு வருஷமாக. கையெழுத்துப் போட்ட அன்றைக்கே அவர் போய் மூன்று வருஷம், குடைக்காரன் கணவர் பெயர் என்று கேட்டான், சொன்னாள். தடித்த பெண்மணி தோளுக்கு மேலே பார்த்துவிட்டு, "வீட்டுல இல்லாத ஆளா? பேரை அடிச்சு விடும்மா, அவனை அவளே புதைக்கட்டும்" என்றாள். சரிதானே? பேனாவை எடுத்தாள். பிள்ளைகள் படிப்புக்கு ஒரு தெபே காசு அனுப்பாத மனுஷன், ஒரு போன் இல்லை... ஆனால் செத்தால், அடக்கச் செலவுக்குக் காப்பீடு இருக்கிறதென்று அவர் ஆட்கள் இவள் வீட்டுக்குத்தான் வருவார்கள், இவள் முற்றத்தில்தான் ஜெபம், மனைவி என்று கருப்பு உடுத்தி முதல் பாயில் உட்காரப் போவது இவள்தான், ஒராபாக்காரி வாசலுக்கு வெளியே நிற்பாள், நிற்கட்டும்... இதை எத்தனை முறை பார்த்திருக்கிறாள் மனதுக்குள், கூழ் கிண்டும்போது, துணி அலசும்போது, எந்த இடத்தில் யார் நிற்பார்கள் என்பது வரைக்கும். அப்படியென்றால் அவர் பெயருக்கான பணம் பயத்துக்குக் கட்டியது இல்லை. யாரும் இவளிடம் சொல்லாமல் ஏற்றியதும் இல்லை. அவரைத் திரும்பி வரவைக்க வேறு வழி தெரியாமல், மாதாமாதம்...

"அடிச்சிடவாம்மா?" என்று கேட்டாள் ஒனலென்னா. பேனா முனை மொதுசியின் முதல் எழுத்துக்கு மேல் நின்றது. "இரு" என்றாள் சேதுன்யா, "கொஞ்சம் இரு", பின்னால் யாரோ முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது என்று முணுமுணுத்தார்கள்.