கனம் ஏறிய தோள்

ஆர்னோ ஆற்றங்கரையில் ஈரக் கம்பளி மூட்டை சுமந்து சுமந்து, நோஃப்ரியின் வலது தோள் இரண்டு விரற்கடை இறங்கிப் போயிருந்தது. அதனால் ஓவியர் லாபோ அவனைப் பார்த்து வரைய வேண்டும் என்று கூப்பிட்டபோது அவனால் நம்பவே முடியவில்லை. குழந்தை இயேசுவைத் தோளில் ஏற்றி ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்டோஃபரைத் தேவாலயச் சுவரில் தீட்டப் போகிறாராம். அதற்கு நெடிய ஆள் வேண்டுமாம்.

பட்டறையில் லாபோ அவனை நூலால் அளந்தார். முகத்தைப் போல் பத்து மடங்கு உடம்பு இருக்க வேண்டும் என்று படித்திருந்தார்.

"மனுஷனைக் கடவுள் அளவெடுத்துத்தான் படைச்சார், தெரியுமா?"

"அப்போ என் முறை வந்தப்ப நூல் அறுந்துபோச்சாய்யா?"

லாபோ சிரித்தார். ஆனால் தோள்களைச் சமமாகவே வரைந்தார். மூன்றாம் நாள் படத்தைக் காட்டியதும் நோஃப்ரி கிட்டப் போய்ப் பார்த்தான். கல்யாணத்தன்றுகூட அவன் இத்தனை அழகாக இருந்ததில்லை. ஆனாலும் ஏதோ உறுத்தியது.

"தப்பா எடுத்துக்காதீங்கய்யா. இந்த ஆளு எதையும் சுமக்கலையே."

"தோள்மேல குழந்தை இருக்கே!"

"உக்காந்திருக்கு, அவ்வளவுதான். உலகத்தோட கனமெல்லாம் அந்தக் குழந்தைகிட்டன்னு பாதிரியார் சொன்னாரே. அது ஏறினா இடுப்பு ஒரு பக்கம் தள்ளும், கழுத்து இழுக்கும்."

மூலையில் கிடந்த சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக் காட்டினான். லாபோ கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தார். துரத்திவிடுவார் என்றே நோஃப்ரி நினைத்தான். அவரோ புதுக் காகிதம் எடுத்தார்.

"அப்படியே நில்லு. முடியலன்னா சொல்லு."

"இதுவா? எனக்கு இது தலையணைய்யா."

ஈஸ்டருக்குச் சுவரின் திரை விலகியது. புனிதரின் உயரம் பத்து முகம்தான். ஆனால் வலது தோள் தாழ்ந்து, இடுப்பு ஒரு பக்கம் தள்ளி, கால் நரம்பு புடைத்திருந்தது. நோஃப்ரியின் மனைவி தெஸ்ஸா அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். 'நிமிர்ந்து நட' என்று பன்னிரண்டு வருஷமாக அவனைத் திட்டி வந்தவள் அவள்.

"பாவி மனுஷா, இவ்வளவையா தினம் தூக்குற?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் லாபோ ஆற்றங்கரைக்கே வந்தார். கையில் ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், ஒரு கூடை பச்சை மொச்சை.

"எதுக்குய்யா இதெல்லாம்?"

"உன்னால எனக்கு ஒரு படம் கெடச்சுது. வேற எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. சாப்பிடு."

நோஃப்ரி ரொட்டியைப் பிட்டு, பெரிய துண்டை அவரிடம் நீட்டினான்.