இருளம்மாள் அழுத படம்

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்கிற பெண்கள் எந்தப் படத்துக்குப் போவது, எதற்குப் போகாமல் இருப்பது என்பதை இருளம்மாளிடம் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். சின்னமனூர் தியேட்டரில் படம் மாறிய மறுநாளே அவள் பார்த்துவிடுவாள். பந்தலுக்கடியில் குலை வெட்டிக்கொண்டே தீர்ப்புச் சொல்வாள்.

"செத்த வீட்டுல ஒருத்திக்குக்கூடக் கொண்டை அவுரல. கண்ணு மை கலையல. வெங்காயம் உரிக்கைல நான் இதைவிட நல்லா அழுவேன்."

சண்டை பொய்யாக இருந்தால் மன்னிப்பாள். பாட்டு விளங்காவிட்டாலும் போகட்டும் என்பாள். பொய்யழுகையை மட்டும் மன்னிக்க மாட்டாள்.

அப்பேர்ப்பட்டவள் கூடப்பிறந்த அக்காள் சாவுக்கு அழவில்லை. மார்க்கையன்கோட்டையில் வாக்கப்பட்ட சந்தனம்மாள், மகள் சுருளியம்மாளின் சடங்குக்கு நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், தங்கைக்கு ஆள்விட்டுச் சொல்லியனுப்பினாள். இருளம்மாள் போகவில்லை. பேச்சு அறுந்தது. ஆறு வருஷம் கழித்து அக்காள் செத்தபோது துட்டிக்கும் போகவில்லை. கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா என்ன? வீம்பு. அந்த வீம்பு மறுவாரமே வற்றிப்போனது. அப்புறம் போக முகமில்லை.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து படமெடுக்க வந்தார்கள். வந்தது கொடியை வெட்டிவிடும் கவாத்து முடிந்த மாசம். மொட்டைக் கொடியில் பிளாஸ்டிக் குலைகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தோட்டக்காரர் தவசிக்குப் பொறுக்கவில்லை.

"எலையே இல்லாம எப்படிங்க பழம் தொங்கும்?"

"பார்க்கிறவனுக்கு அதெல்லாம் தெரியாதுய்யா," என்றார் டைரக்டர்.

கதாநாயகி உதட்டுச் சாயத்தோடு களை எடுத்தாள். ஒரு களைகூட வரவில்லை.

சாவுக் காட்சிக்கு ஊர்ப் பெண்கள் பத்துப் பேரை, ஆளுக்கு ஐந்து ரூபாய் என்று பேசி உட்காரவைத்தார்கள். இருளம்மாள் நக்கலாகத்தான் போய் உட்கார்ந்தாள். பிணமாகக் கிடந்த நடிகைக்கு அக்காள் வயசு. முகத்தில் அதே மாதிரி மஞ்சள். ஒப்பாரிக்காகப் பக்கத்திலிருந்தவளின் தோளில் கை போட்டதும் இருளம்மாளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"யக்கா, சந்தனம், ஒம் மொகத்தப் பாக்க வராமப் போனேனே. வீம்பு புடிச்ச சிறுக்கி வராமப் போனேனே."

டைரக்டர் நிறுத்தச் சொன்ன பிறகும் அவள் நிறுத்தவில்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. படம் வந்ததும் சுருளியம்மாள் பார்ப்பாள். சின்னம்மா தன் ஆத்தா பேரைச் சொல்லி அழுததைக் காதால் கேட்பாள். கேட்டால் மனசு மாறாதா? படம் வந்தபோது, மார்க்கையன்கோட்டைப் பக்கம் போன ஒருத்தியிடம், "சுருளிய அவசியம் பாக்கச் சொல்லு," என்று சொல்லியனுப்பினாள்.

தியேட்டரில் அந்தக் காட்சி வந்தது. திரை முழுக்க இருளம்மாள் முகம், மூக்கு ஒழுக, தலை விரிய. வாய் திறந்தது. வந்தது கழுதைச் சத்தம். அவள் சொன்ன ஒரு வார்த்தைகூட இல்லை. காமெடியன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான். மறுபடி அவள் முகம், மறுபடி கழுதை. தியேட்டரே சிரித்தது. ஓடைப்பட்டிக்காரிகள் அவள் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

கண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, அதில் கழுதையை விட்டவன் என்ன ஜென்மம்? கிளிசரின் போட்டு அழுதவளுகளை எல்லாம் இத்தனை வருஷம் திட்டியதற்காக அவள் வெட்கப்பட்டாள். அவளுகள் யாரையும் ஏமாற்றவில்லை.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் சுருளியம்மாள் நின்றிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"எங்காத்தா துட்டிக்கு வராதவுக, அஞ்சு ரூவாய்க்கு எவ பொணத்துக்கோ அழுதிருக்கீக. அதைப் பாக்க ஆள் வேற விட்டிருக்கீக."

இருளம்மாள் வாயைத் திறந்தாள். உன் ஆத்தாளுக்குத்தான் அழுதேன் என்றால் யார் நம்புவார்கள்? சாட்சியைக் கழுதை தின்றுவிட்டது. சுருளியம்மாள் போய்விட்டாள்.

மறுநாள் பந்தலுக்கடியில், படத்துக்கு வராத ராக்கம்மாள் கேட்டாள்.

"படம் எப்படிக்கா?"

"எல்லாரும் நல்லாத்தான் நடிச்சாக. அழுதவ ஒருத்திதான் நடிக்கல. அவளாலதான் பாக்க முடியல."

பெண்கள் சிரித்தார்கள். இருளம்மாள் கத்தரியைக் கீழே வைத்தாள். கடையில் வெற்றிலையும் பாக்கும் வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு, மார்க்கையன்கோட்டைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றாள். இந்தத் தடவை ஆள்விடவில்லை.