மூன்று நாள் வெயில்

அப்ரிகாட் பழத்தாள் செய்யக் கற்றுக்கொடு என்று ஹோசியத் கேட்டு வந்தபோது, மவ்லூதா மரப்பலகைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், உட்காரச் சொன்னாள். ஹோசியத் உட்காரவில்லை. கயூமுக்கு ரஷ்யாவில், யெகாதெரின்பர்கில் வீடு கிடைத்துவிட்டது, ஆகஸ்டு கடைசியில் குழந்தையோடு கிளம்புகிறோம் என்று நின்றபடியே சொன்னாள். குழந்தை கடை மிட்டாயைக் கொடுத்தால் துப்பிவிடுகிறாள். அங்கே போய் என்ன செய்வது?

கயூம், மவ்லூதாவின் கணவனுக்கு அண்ணன். ஹோசியத் அவன் மனைவி. குழந்தை மெஹ்ரோனாவைப் பெற்றவள் மவ்லூதா.

கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. அடுத்துப் பிறப்பது உங்களுக்குத்தான் என்று மவ்லூதாவின் கணவன் வாக்குக் கொடுத்தபோது அந்தப் பிள்ளை வயிற்றில்கூட உண்டாகவில்லை. அந்தத் தெருவிலேயே இப்படிக் கொடுத்த வீடு இன்னும் இரண்டு இருந்தது. மவ்லூதாவையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியாதபடி கேட்டார்கள். நாற்பது நாள் கழிந்ததும் குழந்தையைத் தொட்டிலோடு அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போனாள். வெறுங்கையோடு திரும்பிய அந்த இருபது அடி தூரத்தை இப்போதும் அவள் கால்கள் தனியாக அறியும்.

நான்கு வருஷமாகிவிட்டது. கணவனும் இரண்டு மகன்களும் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் ஒரு தேநீர்க் கிண்ணம்தான் தினமும் நனைகிறது. குழந்தை அவளைச் சித்தி என்று கூப்பிடுகிறாள். அதில் பிழையில்லை. சித்தி முறைதான்.

மெஹ்ரோனாவுக்குப் பல் முளைத்த கோடையில்தான் மவ்லூதா பழத்தாள் செய்ய ஆரம்பித்தாள். மற்றவர்கள் அப்ரிகாட்டை முழுதாக உலர்த்தி, கொட்டையை உடைத்துப் பருப்பைத் திரும்பப் பழத்துக்குள் வைப்பார்கள். சின்னத் தொண்டையில் பருப்பு சிக்கிக்கொள்ளும். அதனால் இவள் நன்றாகக் கனிந்ததைப் பொறுக்கி, கொட்டை நீக்கி, சல்லடையில் தேய்த்துக் கூழாக்கிப் பலகையில் மெல்லியதாக வழித்துவிடுவாள். சர்க்கரை கிடையாது. ஒரு நாள் வெயில். பிறகு இரண்டு நாள் திராட்சைப் பந்தலுக்கு அடியில், காற்றில் மட்டும். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் உரித்து, வார் வாராக வெட்டிச் சுருட்டி வைப்பாள். சாயங்காலம் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரிலிருந்த சின்னக் கதவு திறக்கும். குழந்தை வாயைத் திறந்துகொண்டே வருவாள். நாளுக்குக் கால் மணி நேரம். மவ்லூதா அதை வைத்துத்தான் மிச்ச நேரத்தை ஓட்டினாள்.

என்றைக்காவது குழந்தை ரஷ்யாவுக்குப் போனாலும் அது நிற்காது என்று நினைத்திருந்தாள். ரஷ்யாவுக்குப் போகிறவர் யாராவது இருந்துகொண்டேதான் இருப்பார்கள், ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தனுப்பலாம். தீர்ந்துபோனால் குழந்தை தொலைபேசியில் கேட்பாள். இன்னும் அனுப்பு சித்தி என்று. அந்தக் குரலைக்கூட மனசுக்குள் கேட்டு வைத்திருந்தாள்.

இப்போது ஹோசியத் எதிரில் நின்றாள். மவ்லூதா எல்லாவற்றையும் சொன்னாள். எந்த மரத்துப் பழம், சல்லடையின் கண் எவ்வளவு, எண்ணெய் எத்தனை சொட்டு. கடைசியில், "மூணு நாளும் நல்ல வெயில்ல வச்சிடுங்கக்கா" என்றாள்.

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. மூன்று நாள் வெயிலில் அது காய்ந்து மொடமொடத்துவிடும், குழந்தை தொடமாட்டாள், ஹோசியத் கைவிட்டுவிடுவாள். அவ்வளவுதானே, யாருக்கும் நஷ்டமில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு பிள்ளையையே கொடுத்தவள் ஒரு பக்குவத்தை வைத்துக்கொள்ளக் கூடாதா? அப்படிக் கேட்டுக்கொண்டபோது, இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தனக்குக் கோபம் இருந்திருக்கிறது என்று தெரிந்தது. அது ஹோசியத்தின் மேல் இல்லை என்பதும் தெரிந்தது. ஆனாலும் கையெட்டும் தூரத்தில் இருந்தவள் அவள்தான்.

அடுத்த மூன்று நாளும் ஹோசியத்தின் கூரைமேல் பலகை வெயிலில் கிடந்தது. மவ்லூதா பார்க்காமலிருக்க முயன்றாள், முடியவில்லை. அந்த மூன்று சாயங்காலமும் கதவு திறக்கவில்லை. அம்மா செய்வது காயட்டும் என்று குழந்தை காத்திருக்கிறாளாம், தயிர்க்காரி சொல்லிவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் ஹோசியத் குழந்தையோடு வந்தாள். தட்டில் பழத்தாள் உடைந்த அப்பளம்போல் துண்டு துண்டாகக் கிடந்தது. மெஹ்ரோனா ஒன்றை எடுத்துக் கடித்தாள். படக்கென்று சத்தம் வந்தது. சிரித்தாள். இன்னொன்று எடுத்தாள்.

"காலையிலேர்ந்து இதேதான். கோழிக்கு முன்னாடி உக்காந்து கடிச்சுக் காட்டுறா. அதுங்க மிரண்டு ஓடுதுங்க" என்றாள் ஹோசியத்.

மவ்லூதா தன் சுருளில் ஒன்றை நீட்டினாள். குழந்தை வாங்கி, மரியாதைக்கு ஒரு கடி கடித்து, ஈரம்பட்ட மீதியைப் பத்திரமாக அவள் கையிலேயே திரும்ப வைத்தாள்.

அதற்குமேல் மவ்லூதாவால் மறைத்து வைத்திருக்க முடியவில்லை. "அக்கா, நான் உங்களுக்குத் தப்பா சொல்லிட்டேன். மறுநாளே நிழலுக்கு மாத்தணும்."

ஹோசியத் தட்டைக் கீழே வைத்தாள். "தெரியும்டி. நாலு வருஷமா நீ பலகையத் தூக்கிப் பந்தலுக்கடியில வைக்கறத எங்க கூரையிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அப்புறம் ஏன் வெயில்லயே வச்சீங்க?"

ஹோசியத் கிளம்புகிறவள்போல் தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். கட்டிவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"உன் ருசி இல்லாத ஒண்ணு எனக்கு வேண்டியிருந்துச்சு. அங்க போயும் அவ உன்னையே கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

மவ்லூதாவுக்கு அழுகை வரவில்லை. பயந்தவள் தான் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி தினமும் அந்தக் கால் மணி நேரத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். இது தெரிந்ததால் எதுவும் குறையவில்லை. பொட்டலம் போகாது. தொலைபேசியில் அந்தக் குரல் வராது.

"நல்லாத்தான் வந்திருக்குக்கா" என்றாள். "அங்க வெயில் இருக்காது. வீட்டைச் சூடாக்குற குழாய்மேல வச்சாப் போதும், காஞ்சிடும்."

ஹோசியத் தலையசைத்தாள். இதற்கிடையில் குழந்தை மவ்லூதாவின் மடியில் ஏறிவிட்டாள். ஒரு துண்டை எடுத்து அவள் காதோரம் வைத்து, இரண்டு கையாலும் உடைத்தாள்.

"கேக்குதா சித்தி?"

"கேக்குது."

மெஹ்ரோனா அவள் தலையைத் திருப்பி, அடுத்த காதுக்கு ஒரு துண்டு தேடினாள்.